கர்ப்பகால உடை, ஆர்கானிக் துணி: மதுரையில் குடும்பத் தொழிலாகத் தொடங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

செல்லூரில் வீட்டு மாடியில் ஒரு சின்னத் தையல் யூனிட் வைத்திருக்கிறோம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், பிறந்த குழந்தைகள் ஆகியோருக்குப் பருத்தி உடைகள் தைத்து விற்கிறோம். கண்காட்சி ஸ்டாலிலும் போனிலும் "நாங்களும் இதைத் தொடங்கலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான் என்பதால் பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறோம்.

மதுரையில் கர்ப்பகால உடையை யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? நைட்டியை ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் முடிந்ததே?

உங்களுடைய உண்மையான போட்டியாளர் அந்தப் பெரிய சைஸ் நைட்டிதான். வேறு பிராண்டு எதையும் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

வயிறு வெளியே தெரிய ஆரம்பிப்பது பெரும்பாலும் ஐந்தாம் மாதம் வாக்கில். அதன்பிறகு பிரசவம் வரை இருப்பது நாலைந்து மாதம். அந்த நாலைந்து மாதத்துக்கென்று தனியாக உடை வாங்க நம் ஊரில் மனம் வராது. வீண் செலவு என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். ஆனால் பாலூட்டும் காலம் நீளமானது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆகவே கர்ப்பத்துக்கு மட்டும் என்று தைக்காதீர்கள். ஆறாம் மாதத்தில் போட ஆரம்பித்து, குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை போடக்கூடிய உடையைத் தையுங்கள். எங்கள் தொழில் நிற்பது இந்த ஒரு கணக்கில்தான்.

இன்னொரு விஷயம்: பணம் கொடுப்பவர் பெரும்பாலும் கர்ப்பிணி அல்ல, அவருடைய அம்மா. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரும்போதுதான் பை நிறையத் துணி எடுக்கிறார்கள். அந்த அம்மா துணியைத் தேய்த்துப் பார்ப்பார், தையலைத் திருப்பிப் பார்ப்பார், "சாயம் போகுமா?" என்பார். அவரைத் திருப்திப்படுத்தினால் போதும்.

எந்த உடையில் ஆரம்பிப்பது?

மூன்றே மூன்று. அதற்கு மேல் அகலக் கால் வைக்க வேண்டாம்.

முதலாவது, ஃபீடிங் நைட்டி. கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலும் நடுவில் ஒரு நீள ஜிப் இருக்கும். வீட்டில் அறைக்குள் அது சரி. விருந்தாளி வந்திருக்கும்போதோ ஆஸ்பத்திரி வார்டிலோ அதைத் திறந்தால் முழுக்கத் திறந்துகொள்ளும். இரண்டு பக்கமும் மேலிருந்து இறங்கும் தையலோடு சேர்த்து, வெளியே தெரியாத இன்விசிபிள் ஜிப் வையுங்கள். ஜிப்புக்கு உட்பக்கம் ஒரு துணிப்பட்டி கட்டாயம். இல்லையென்றால் ஜிப்பின் பல் தோலில் உரசும், குழந்தையின் கன்னத்திலும் படும்.

இரண்டாவது, வேலைக்குப் போகிறவர்களுக்கான குர்தி. டீச்சர், பேங்க் ஊழியர், ஐடி கம்பெனிப் பெண்கள் பிரசவ விடுப்பு முடிந்து திரும்பும்போது இதைத் தேடி வருகிறார்கள். 2015-ல் தமிழக அரசு பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. பயணத்தில் பாலூட்ட இடம் கிடைத்தது, அதற்கேற்ற உடை கிடைக்கவில்லை. மேலே ஒரு அடுக்கு, உள்ளே ஒரு அடுக்கு, மேலடுக்கைத் தூக்கினால் போதும் என்கிற வெட்டுதான் இதில் நன்றாக ஓடுகிறது. வயிறு முன்னால் துணியை இழுக்கும்போது முன் ஓரம் மேலே ஏறிக்கொள்ளும். அதனால் முன்பக்க உயரத்தைப் பின்பக்கத்தைவிட ஒன்று, ஒன்றரை அங்குலம் கூடுதலாக வெட்ட வேண்டும். உங்கள் கட்டிங் மாஸ்டர் இதை முதலில் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒரு கர்ப்பிணிக்குப் போட்டுக் காட்டுங்கள்.

மூன்றாவதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்: உள்பாவாடை. சேலை கட்டும் கர்ப்பிணிக்கு நாடாவை இறுக்கிக் கட்டுவதுதான் பெரிய உபத்திரவம். கட்டிய இடம் கறுத்து, அரித்து, புண்ணாகிப் போனவர்கள் உண்டு. வயிற்றுக்குக் கீழே உட்காரும் அகலமான ரிப் (நன்றாக இழுபடும் பனியன் வகை) துணிப் பட்டி வைத்து, நாடாவைப் பக்கவாட்டில் இலேசாகச் சரிசெய்துகொள்ளும்படி தைத்தால் ஒருமுறை வாங்கியவர் மறுபடியும் மூன்று வாங்குவார். போட்டோவில் அழகாக இல்லாத பொருள் என்பதால் இதைப் பெரிய பிராண்டுகள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

சைஸைப் பொறுத்தவரை எம், எல் என்று போடுவதோடு நிறுத்தாதீர்கள். மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, உயரம் மூன்றையும் அங்குலத்தில் எழுதுங்கள். கர்ப்பத்தில் எம் சைஸ்காரர் எல் சைஸுக்கும், எல் சைஸ்காரர் எக்ஸ்எல் சைஸுக்கும் போய்விடுவார்; எழுத்தை நம்பி வாங்குபவர் திருப்பி அனுப்புவார்.

குழந்தைத் துணியும் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஆனால் நம் பக்கத்தில் பல குடும்பங்களில் குழந்தை பிறக்கும் முன்பு அதற்குப் புதுத்துணி வாங்க மாட்டார்கள். பிறந்ததும் முதலில் சுற்றுவது தாத்தாவின் பழைய வேட்டியைத்தான். வளைகாப்பு சமயத்தில் "பேபி செட்" என்று நீட்டினால் சில பாட்டிகளின் முகம் மாறும். அம்மாவுக்கு உடை வாங்கியவரின் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு, தொட்டிலிடும் சமயத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள்.

பழைய வேட்டிக்குப் பாட்டிகள் சொல்லும் காரணத்தில் நியாயமும் இருக்கிறது. பலமுறை துவைத்த துணியில் கஞ்சியும் மிச்சச் சாயமும் ரசாயனமும் போயிருக்கும், மெத்தென்று இருக்கும். ஆகவே குழந்தைத் துணியை நன்றாக அலசிக் காயவைத்த பிறகே பேக் செய்யுங்கள். முன்னால் கட்டும் முடிச்சுச் சட்டை, முடிச்சு நாப்பி, மல் துணிப் போர்வை போதும். கழுத்தைச் சுற்றி நாடா வேண்டாம், பிய்ந்து வரக்கூடிய பட்டனும் மணியும் வேண்டாம். சைஸ் லேபிளை உள்ளே தைக்காமல் வெளியே தைத்தால் கழுத்தில் குத்தாது.

ஆர்கானிக் என்று பெயரில் போட்டுக்கொள்ளலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் பொய் அதிகம் புழங்கும் இடம் இது.

நூறு சதவீதம் பருத்தி என்பது வேறு, ஆர்கானிக் பருத்தி என்பது வேறு. ஆர்கானிக் என்றால் ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல், மரபணு மாற்றாத விதையில் விளைந்து, அதற்குச் சான்று பெற்ற பருத்தி. இந்தியாவில் 2002-ல் மரபணு மாற்றிய பிடி பருத்தி வந்தது. இப்போது விளையும் பருத்தியில் மிகப் பெரும் பகுதி அதுதான். அதனால் "பருத்திதானே, இயற்கைதானே" என்ற வாதம் எடுபடாது.

துணிக்கு உலகம் முழுக்க மதிக்கப்படும் சான்று காட்ஸ் (GOTS), அதாவது ஆர்கானிக் துணிக்கான உலகத் தர முத்திரை. அதன்படி ஆர்கானிக் என்று மட்டும் போட வேண்டுமானால் இழையில் குறைந்தது 95 சதவீதம் சான்று பெற்ற ஆர்கானிக்காக இருக்க வேண்டும். 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் "இத்தனை சதவீதம் ஆர்கானிக் இழையால் செய்தது" என்று போடலாம். இழையோடு அது நிற்பதில்லை. நூற்பு, நெசவு, சாயம், தையல் என்று ஒவ்வொரு கட்டத்திலும் வேலை செய்யும் யூனிட் சான்று பெற்றிருக்க வேண்டும். அதாவது, சான்று உள்ள துணியைத் திருப்பூரில் வாங்கிவந்து உங்கள் வீட்டு மாடியில் தைத்தால், அந்த நைட்டியில் காட்ஸ் முத்திரையை ஒட்ட முடியாது. மாடிக்குச் சான்று இல்லையே.

அப்படியானால் என்ன வழி? ஒன்று, திருப்பூரில் சான்று பெற்ற யூனிட்டில் ஜாப் வொர்க் (கூலிக்குத் தைத்துத் தரும் வேலை) கொடுத்து, சான்று தரும் அமைப்பின் அனுமதியோடு லேபிள் போடுவது. அங்கே குறைந்தபட்ச ஆர்டர் அளவு உங்களுக்கு அதிகமாகத் தெரியலாம். மற்றொன்று, நாங்கள் செய்வது: முத்திரை போடாமல், துணியைப் பற்றி ஆதாரம் உள்ளதை மட்டும் எழுதுவது. எந்த மில்லின் துணி, என்ன சாயம், எங்கே தைத்தது என்று மூன்று வரி. கையில் காகிதம் இல்லாத லாட்டுக்கு வெறும் "பருத்தி" என்றுதான் போடுகிறோம்.

துணி விற்பவர் ஆர்கானிக் என்றால் அவருடைய ஸ்கோப் சர்டிபிகேட்டைக் கேளுங்கள். அதோடு நீங்கள் வாங்கும் அந்த லாட்டுக்கான டிரான்சாக்ஷன் சர்டிபிகேட்டையும் கேளுங்கள். முதலாவது அவர் சான்று பெற்றவர் என்பதைத்தான் காட்டும், இரண்டாவதுதான் இந்தத் துணியைப் பற்றியது. அப்படியும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 2020-ல் இந்தியாவில் போலி டிரான்சாக்ஷன் சர்டிபிகேட் மூலம் 20,000 டன் பருத்தியை ஆர்கானிக் என்று காட்டியதைக் காட்ஸ் அமைப்பே வெளியிட்டது. சான்று பெற்ற நிறுவனங்களின் பட்டியல் அவர்கள் இணையதளத்தில் இருக்கிறது. பெயரைத் தேடிப் பாருங்கள்.

சட்டமும் இறுகியிருக்கிறது. ஆதாரமில்லாத சுற்றுச்சூழல் விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டுதல் கொண்டுவந்தது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இடம் தருகிறது. வேப்பிலையில் நனைத்த துணி அலர்ஜியைத் தீர்க்கும், மஞ்சள் துணி குழந்தைக்கு நோய் வராமல் காக்கும் என்றெல்லாம் எழுதுகிறவர்கள் இதை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

கதர் துணியில் தைத்தால் ஆர்கானிக் ஆகிவிடுமா?

ஆகாது. கதர் என்றால் கையால் நூற்று, கையால் நெய்தது. கைத்தறி என்றால் கையால் நெய்தது. நூல் மில் நூலாக இருக்கலாம். பருத்தி எப்படி விளைந்தது என்பதை இரண்டும் சொல்வதில்லை. காந்தி 1921 செப்டம்பரில் மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் அரையாடைக்கு மாறினார், அதனால் மதுரையில் கதருக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையை நம்பி "காதி" என்று பெயரில் போட்டுவிடாதீர்கள். கதர் கிராமத் தொழில்கள் ஆணையத்தின் காதி முத்திரை இல்லாமல் அந்தப் பெயரில் துணி விற்க முடியாது.

கருங்கண்ணிப் பருத்தியில் தைக்கலாமா?

ஆசைப்பட வேண்டிய துணிதான். தென் மாவட்டக் கரிசல் காட்டில் மானாவாரியாக விளைந்த நாட்டு ரகம், பூச்சியைத் தாங்கும், தண்ணீர் அதிகம் கேட்காது. ஆனால் இழை குட்டை. அதனால் மெல்லிய நூலாக நூற்க வராது. துணி கொஞ்சம் தடிப்பாகத்தான் வரும். குர்திக்கும் போர்வைக்கும் நன்றாக இருக்கிறது. சித்திரை வெயிலில் எட்டு மாத வயிற்றோடு போடும் நைட்டிக்கு மல் அல்லது மெல்லிய கேம்ப்ரிக் பருத்தித் துணிதான் சரி. விலையும் கூடுதல், தொடர்ந்து கிடைப்பதும் கடினம். ஒரு சிறப்பு வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள், பிழைப்பை அதன்மேல் வைக்காதீர்கள்.

இயற்கைச் சாயம்? சுங்குடி?

அவுரி நீலம் நிற்கும். கடுக்காய், மாதுளைத் தோல், மஞ்சிட்டி ஆகியவை படிகாரம் போன்ற பிடிப்புப் பொருளோடு ஓரளவு நன்றாக நிற்கும். மஞ்சள் வெயிலில் வெளுக்கும். பால் கறை, வாந்தி, மூத்திரம் என்று தினமும் துவைக்க வேண்டிய துணிக்கு இயற்கைச் சாயம் போட்டால் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நிழலில் உலர்த்த வேண்டும், நிறம் மெல்ல இறங்கும் என்று. ரசாயனச் சாயம் என்றாலே விஷமும் அல்ல. தடை செய்யப்பட்ட அசோ சாயங்கள் இல்லை என்பதற்கு டெஸ்ட் ரிப்போர்ட் வாங்கினால் போதும். கோவையில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகத்தில் துணியைச் சோதித்துத் தருகிறார்கள்.

சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் முடிச்சிட்டுச் சாயம் ஏற்றியதுதான் சுங்குடி. புள்ளி பிரிண்ட் போட்டதெல்லாம் அல்ல. பிரசவமான பெண்ணுக்கு மெல்லிய சுங்குடிச் சேலை எடுத்துக் கொடுக்கும் வீடுகள் இன்றும் இங்கே இருக்கின்றன. அந்தத் துணியில் ஃபீடிங் குர்தி தைத்தால் சென்னை, பெங்களூரில் நல்ல விலை கிடைக்கிறது. அடர்ந்த சிவப்பு, கருநீலத்தில் முதல் இரண்டு துவைப்புக்குச் சாயம் இறங்கும். நீங்களே அலசிவிட்டு அனுப்புங்கள்.

துணி எங்கே வாங்குவது?

முதல் தொகுதிக்கு விளக்குத்தூண், தெற்குமாசி வீதிப் பக்கம் மொத்தக் கடைகளே போதும். "தான்" (முழுச் சுருள் துணி) கணக்கில் வாங்கலாம், குறை இருந்தால் மறுநாளே போய் நிற்கலாம். ரிப், இன்டர்லாக் போன்ற பனியன் துணிக்குத் திருப்பூர். காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதே துணி மறுபடி கிடைக்காது; அதை நம்பி கேட்டலாக் போடாதீர்கள். சேலைக்கும் சுங்குடிக்கும் மதுரையை விட்டால் சின்னாளப்பட்டி.

எங்கே வாங்கினாலும் வெட்டும் முன் சுருக்கம் பாருங்கள். 50 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு வெட்டி மூன்று முறை துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். 48 ஆகியிருந்தால் 4 சதவீதம் சுருங்குகிறது. மொத்தத் தானையும் ஊறவைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும். மொட்டை மாடி வெயில் இருக்கிறது, இதற்காவது அது உதவட்டும்.

எத்தனை மிஷின் வேண்டும்?

பவர் மிஷின் இரண்டு, துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் ஒன்று. பனியன் துணி வேலை கூடும்போது அதற்கான ஃப்ளாட்லாக் மிஷின். காஜா பட்டனை வெளியே கொடுத்துக்கொள்ளலாம். வீட்டு மின் இணைப்பிலேயே ஓட்டாதீர்கள். குடிசை, குறுந்தொழிலுக்குத் தனிக் கட்டண வகை இருக்கிறது, மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

கடனும் மானியமும் கிடைக்குமா?

கிடைக்கும். வரிசையை மாற்றிச் செய்தால் கிடைக்காது.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலான திட்டங்களுக்குக் கடன் உண்டு. பெண்களுக்கு நகர்ப்புறத்தில் 25, கிராமப்புறத்தில் 35 சதவீதம் மானியம். சொந்தப் பணம் 5 சதவீதம் போட்டால் போதும். பொதுப்பிரிவு ஆண்களுக்கு 15, 25 சதவீதம். சொந்தப் பணம் 10. மானியப் பணம் கைக்கு வராது. வங்கியில் மூன்று வருடம் தனியாக இருந்து பிறகு கடனில் கழியும். கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குத்தான். முக்கியமாக, இது புதுத் தொழிலுக்கு மட்டும். "ஒரு வருடம் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் கடன் வாங்கலாம்" என்று மிஷின் போட்டு, பதிவும் செய்துவிட்டுப் போனால், ஏற்கெனவே நடக்கும் தொழில் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாநில அரசின் வேலையற்ற இளைஞர்களுக்கான திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு. முத்ரா கடனில் மானியம் கிடையாது. எந்தத் திட்டத்தில் இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். ஏஜென்டுக்குக் காசு கொடுக்க அவசியமே இல்லை.

ஜிஎஸ்டி, மற்ற பதிவுகள்?

உத்யம் (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இலவசம். ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை பொருள் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனால் வெளிமாநிலத்துக்கு ஒரு நைட்டி விற்றாலும் பொதுவாகப் பதிவு வேண்டும். பெங்களூர் ஆர்டர் வந்ததும் குஷியில் கூரியர் போடுவதற்கு முன்பு இதை நினைவில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு உடை 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். பிராண்டு பெயரை உடைகளுக்கான 25-ஆம் வகுப்பில் டிரேட்மார்க் செய்யத் தனிநபருக்கு ஆன்லைனில் 4,500 ரூபாய் கட்டணம்.

விலையை எப்படி வைப்பது?

ஒரு மாதிரிக் கணக்கு. நைட்டிக்கு 3 மீட்டர் துணி மீட்டர் 100 வீதம் 300 ரூபாய், வெட்டும் தையலும் 80, ஜிப், நூல், லேபிள் 25, பேக்கிங் 15. அடக்கம் 420. கடைக்கு 35 சதவீதம் கொடுத்து 800 ரூபாய்க்கு விற்றால் கடைக்காரருக்கு 280, உங்களுக்கு 520. மிச்சம் 100 ரூபாயா? அதிலிருந்துதான் வரியும், கறை பட்ட பீஸும், கரண்டும், ஆடித் தள்ளுபடியும் போக வேண்டும். அந்த நைட்டியை 550-க்கு விற்றுவிட்டு "130 லாபம்" என்று சந்தோஷப்படுகிறவர்கள் கடைக்குக் கொடுக்கும் அளவுக்கு என்றைக்கும் வளர முடியாது.

குடும்பத்துக்குள் தகராறு வராமல் எப்படி நடத்துவது?

மேலே சொன்ன 80 ரூபாய்த் தையல் கூலியை, தைப்பது மாமியாராக இருந்தாலும் அவர் கையில் கொடுங்கள். வீட்டு ஆள்தானே என்று கூலியைக் கணக்கில் சேர்க்காமல் விலை வைத்தால், அவருக்கு முட்டி வலி வந்து வெளி ஆள் போடும் அன்றைக்கு லாபம் காணாமல் போகும். அண்ணன் தம்பி சேர்ந்து செய்தால் கூட்டாண்மைப் பத்திரம் எழுதுங்கள். கூட்டாண்மையில் ஒருவர் தொழிலுக்காக வாங்கிய கடனுக்கு எல்லோரும் பொறுப்பு என்பதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மானியத்துக்காக மனைவி பெயரில் தொடங்கினால் செக்கிலும் கணக்கிலும் அவருக்குத் தெரியாமல் எதுவும் நடக்கக் கூடாது. கடன் அவர் பெயரில்தானே இருக்கிறது. வீட்டு நகையை அடகு வைத்துத் துணி வாங்கத்தான் வேண்டுமென்றால், எந்த மாதத்தில் மீட்பது என்பதை நகைக்குச் சொந்தக்காரரிடம் முதலில் பேசுங்கள்.

பிரசவத்துக்குப் பின் வயிறு குறைய பெல்ட் விற்கலாமா? நிறைய கேட்கிறார்களே?

நாங்கள் விற்பதில்லை. சிசேரியன் ஆனவருக்கு எது, எப்போது கட்டலாம் என்பது டாக்டர் சொல்ல வேண்டியது.

எங்கே விற்பது? ஆன்லைனா, கடையா?

முதல் வருடம் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், கண்காட்சி. பெரிய ஆன்லைன் தளங்களில் கமிஷனோடு ரிட்டன் செலவும் சேரும். சைஸ் மாறிக்கொண்டே இருக்கும் உடம்புக்கு விற்கும்போது ரிட்டன் நிச்சயம். அளவு கேட்டு அனுப்பினால் இது பாதியாகக் குறையும். கேஷ் ஆன் டெலிவரியைத் தெரியாத ஊருக்குக் கொடுக்க வேண்டாம். ஃபீடிங் உடை, உள்பாவாடைக்கு மாற்றிக் கொடுப்பது உண்டு, ஆனால் துவைத்த பிறகு கிடையாது என்று பில்லிலேயே அச்சடியுங்கள். மகப்பேறு கிளினிக்குகளில் போய்த் துண்டுச்சீட்டு வைக்கச் சொல்லிக் கேட்பதைவிட, அங்கே வேலை பார்க்கும் நர்ஸ் ஒருவர் உங்கள் உடையைத் தன் பிரசவத்துக்கு வாங்கினால் வரும் ஆர்டர் அதிகம்.

பாக்கெட்டின்மேல் என்ன அச்சடிக்க வேண்டும்?

கவரில் போட்டு மூடி விற்றால் தயாரித்தவர் பெயர், முகவரி, என்ன பொருள், எத்தனை, சைஸ், தயாரித்த மாதமும் வருடமும், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகாருக்கான போன் நம்பரும் மின்னஞ்சலும். உள் லேபிளில் இழை சதவீதமும் துவைக்கும் முறையும், தமிழிலேயே. துவைக்கப்போவது பிரசவமான பெண்ணின் அம்மா.